பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: ‘குணம் அப்படி’ என்று விட்டுவிடுவதற்கு முன்னால்

நான் மனநல நர்ஸ். நாகர்கோவிலில் படித்து, பெங்களூரில் கொஞ்ச காலம், அப்புறம் இங்கிலாந்து மனநல வார்டுகளில் ரொம்ப காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது திங்கள்சந்தைப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறேன். நர்ஸ் ஊருக்குத் திரும்பி வந்தால் ஊர் அவளுக்கு ஓய்வு கொடுப்பதில்லை. பிரஷர் பார்க்க வருகிறவர்களில் சிலர், கையில் கட்டிய பட்டையை அவிழ்த்த பிறகும் எழுந்து போக மாட்டார்கள். “சிஸ்டரே, எனக்க மொவளுக்கு ஒரு காரியம்... அது சீக்கா குணமான்னு வெளங்கல்ல” என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சில் அடிக்கடி தலைகாட்டுகிற ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர், சுருக்கமாக பி.பி.டி. தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்கிறார்கள்.

இதில் வரும் ஆட்களின் ஊர், வயசு, உறவு எல்லாம் மாற்றியவை. நோய் இன்னதென்று முடிவு சொல்வது மனநல மருத்துவரின் வேலை. அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது

புருஷன் சவூதியில் தம்மாமில், மனைவி இங்கே. நம் மாவட்டத்தில் இது சாதாரணம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவனுக்கு ஷிப்ட் முடிவதற்குள் இங்கே ராத்திரி ஆகிவிடும். மனைவி வாட்சப்பில் ஒரு செய்தி போடுகிறாள், நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மற்ற பெண்கள் எரிச்சல்பட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். இவளுக்கு முதலில் நெஞ்சு படபடப்பு, அப்புறம் ‘என்னை விட்டுட்டான்’ என்ற நிச்சயம், அப்புறம் விடாமல் போன், அதற்கப்புறம் “உன்னைக் கெட்டினதே பாவம்” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அவன் ரூமுக்கு வந்து போனை எடுத்து ரெண்டு வார்த்தை பேசியதும் எல்லாம் இறங்கிவிடுகிறது. “உன்னைப் போல ஒருத்தர் யாருக்குக் கிடைப்பாங்க” என்கிறாள். பகலில் ஆரம்பித்து ராத்திரிக்குள் முடிந்துபோகிற இந்தச் சுற்று, வாரத்தில் சில தடவை, வருஷக்கணக்காக நடந்தால் யோசிக்க வேண்டும்.

மருத்துவர்கள் ஒன்பது அடையாளங்களை வைத்துப் பார்க்கிறார்கள். விட்டுவிடுவார்களோ என்ற தாங்க முடியாத பயம். ஒருவரைத் தெய்வமாக்கி அடுத்த நாளே பிசாசாக்குவது. தான் யார், தனக்கு என்ன வேண்டும் என்பதே நிலையில்லாமல் மாறிக்கொண்டிருப்பது. கடன் வாங்கிச் செலவு, குடி, கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவது, வயிறு வெடிக்கத் தின்பது போல யோசிக்காமல் இறங்குவது. உடம்பைக் காயப்படுத்திக்கொள்வது அல்லது சாகப் போகிறேன் என்பது. சில மணி நேரத்துக்குள் ஏறி இறங்கும் மனநிலை. உள்ளே ஒன்றுமே இல்லை என்ற வெறுமை. அடக்க முடியாத கோபம். நெருக்கடியில் மட்டும் வந்துபோகும் சந்தேகமோ, தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது போன்ற மரத்துப்போன நிலையோ. ஒன்பதில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். வளர்ந்து வாலிபம் ஆகும் பருவத்திலிருந்தே, வீட்டில், வேலையில், நட்பில் என்று பல இடங்களில் அது தெரிந்திருக்க வேண்டும். கல்யாணமாகி ஆறு மாசத்தில் மாமியாரோடு மட்டும் முட்டிக்கொள்கிற பெண்ணுக்கு இந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் மனைவி கத்துவதும் அழுவதும் நோய் அல்ல. அங்கே முதலில் நிறுத்த வேண்டியது அந்த அடியைத்தான். பெண்கள் உதவி எண் 181. அதை விட்டுவிட்டு மருமகளை மட்டும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பைபோலார் நோயோடு இதைக் குழப்புவதும் உண்டு. அதில் மனசு ஏறினால் நாள்கணக்காக, வாரக்கணக்காக ஏறி நிற்கும், தூக்கமே தேவைப்படாது, காரணமும் வேண்டியதில்லை. இதில் ஒரு சொல், ஒரு பார்வை, எடுக்காத ஒரு போன் என்று காரணம் கண்ணுக்குத் தெரியும். சில மணி நேரத்தில் இறங்கியும்விடும். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதால் வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டவேண்டாம்.

ஆண்களுக்கு வராது என்று நினைப்பது தப்பு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் அமெரிக்காவில் நடந்த பெரிய சமூகக் கணக்கெடுப்பு ஒன்றில் இரு பாலாரிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தெரிந்தது. நம் ஊரில் இப்படி இருக்கும் ஆணுக்கு ‘கோபக்காரன்’, ‘குடிகாரன்’ என்று பெயர் தயாராக இருக்கிறது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருவர். அண்ணன் தன்னிடம் சொல்லாமல் தேங்காய் விற்றுவிட்டான் என்பதற்காக சொந்த பைக்கைப் போட்டு உடைத்தார். ராத்திரி அண்ணன் காலைப் பிடித்து அழுதார். ஊர் சிரித்தது. அவருடைய கையில் இருந்த பழைய தழும்புகளை யாரும் கேட்கவில்லை.

ஏன் வருகிறது

இதில் நீண்ட நேரம் நிற்காதீர்கள். பிறவியிலேயே சிலருக்கு உணர்ச்சி சட்டென்று பற்றிக்கொள்ளும், பெரிதாக எரியும், அணைய நேரம் எடுக்கும். மரபின் பங்கு கிட்டத்தட்ட பாதி என்பது ஆய்வுகளின் கணக்கு. அப்படிப்பட்ட பிள்ளை, அதன் வேதனையை யாரும் நம்பாத வீட்டிலோ, அடியும் பாலியல் கொடுமையும் நடந்த இடத்திலோ வளர்ந்தால் சிக்கல் முற்றுகிறது. கொடுமை எதுவும் நடக்காத வீடுகளிலும் வருகிறது. அதனால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் ஒரு பைசா பிரயோஜனமில்லை.

முதல் தடவை டாக்டரிடம் போகும்போது

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறது என்று உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்டு வையுங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் எந்த நோய்க்கும் திருவனந்தபுரம் போய்ப் பழகியவர்கள். மனநலம் என்றதும் தயங்குவதற்குக் காரணம் ‘ஊளம்பாறை’ என்ற பெயர். அங்குள்ள மனநல மருத்துவமனையின் பெயரை நாம் தலைமுறை தலைமுறையாக வசவாக வைத்திருக்கிறோம். பி.பி.டி.க்குப் பெரும்பாலும் உள்நோயாளியாகப் படுக்கவே தேவையில்லை. சாதாரணமாக ஓ.பி.யில் போய்வருகிற சிகிச்சைதான்.

போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். “எப்பவும் சண்டைதான் டாக்டர், யாருக்கும் அடங்க மாட்டா” என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதுங்கள்: ‘செவ்வாய். 4 மணிக்கு அவருக்கு மெசேஜ் போட்டாள். 4.30க்கு அழுகை. 5 மணிக்கு நான் போய்ப் பேசினேன், தட்டை எறிந்தாள். 7 மணிக்கு அவர் கூப்பிட்டார், சரியாகிவிட்டது. காலையில் புட்டும் பயறும் அவித்து எனக்கும் எடுத்து வைத்தாள்.’ இப்படி நாலைந்து நாள் எழுதியிருந்தால் போதும். எது தூண்டியது, எவ்வளவு நேரம் நின்றது, எது இறக்கியது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். குணத்தைப் பற்றிய தீர்ப்பு வேண்டாம். நோயாளிக்குத் தெரியாமல் இந்த நோட்டை எழுதவும் வேண்டாம். ஒளித்து எழுதியது கண்ணில் பட்டால் அதுவே பெரிய வெடியாகும். அவர்களையும் அவர்கள் பக்கத்தை எழுதச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டு, சாப்பிடுகிற மாத்திரைப் பட்டைகள், தைராய்டு சோதனை எடுத்திருந்தால் அந்தக் காகிதம், எல்லாம் பையில் இருக்கட்டும். குடி இருந்தால் மறைக்காதீர்கள்.

டாக்டருக்கு முன்னால் வேறு பல இடங்களுக்குப் போய்விட்டுத்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். கூடோத்திரம் (செய்வினை) எடுப்பவர், ஜெப வீடு, தர்கா. நான் இதோடு சண்டை போடுவதில்லை. பிரார்த்தனை மனசுக்கு ஆறுதல் தந்தால் தரட்டும். கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, அடித்து ஓட்டுவது என்று வந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அடி வாங்கிய நினைவு இந்த நோய்க்குத்தான் தீனி.

மாத்திரை எவ்வளவு தூரம் வரும்

பி.பி.டி.க்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மருந்து எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் வழிகாட்டு நெறிகளை வகுக்கிற ‘நைஸ்’ அமைப்பு 2009-ல் வெளியிட்ட நெறியும், இந்தக் கோளாறுக்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. லாமோட்ரிஜின் என்ற மருந்தை அங்கே பெரிய அளவில் சோதித்து 2018-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? அப்படி இல்லை. கூடவே மன அழுத்த நோய், பதற்ற நோய், குடிப்பழக்கம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். அவற்றுக்கு மருந்து வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு மாத்திரை கூடிக்கூடி, பழையது எதுவும் நிற்காமல், கடைசியில் ஒரு சீட்டு நிறைய மருந்தோடு வருகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காதது. அப்படி இருந்தால் “இதுல எது எதுக்கு, எதை நிறுத்தலாம்” என்று டாக்டரிடமே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முக்கியமாக, அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகள் சிலருக்குக் கட்டுப்பாட்டை இன்னும் தளர்த்திவிடும், பழக்கமாகவும் ஆகிவிடும். நைஸ் நெறிப்படி நெருக்கடிக்குக் கொடுக்கும் தூக்க, மயக்க மருந்துகள் ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. அதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

உண்மையான சிகிச்சை

பேச்சு சிகிச்சைதான். அதிகமாகச் சோதிக்கப்பட்டது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, டி.பி.டி. இதை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். முதல் சோதனை முடிவு 1991-ல் வந்தது. இருபது வருஷம் கழித்து, 2011-ல், தன் 17 வயதில் தானே இப்படி ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளி என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் நான் முதலில் சொல்லிவந்தது இந்தக் கதையைத்தான். உடம்பெல்லாம் தீக்காயம் பட்டவருக்கு லேசாகத் தொட்டாலே உயிர் போகும், இவர்களுக்கு மனசு அப்படி என்பதும் அவர் சொன்னதுதான்.

டி.பி.டி.யில் வாரம் ஒரு தடவை தனியாக ஆலோசகரோடு பேச்சு, இன்னொரு தடவை குழுவாக வகுப்பு. வகுப்பு என்றால் நிஜமாகவே வகுப்பு, வீட்டுப்பாடம் உண்டு. நாலு பாடம்: இப்போது நடப்பதைக் கவனிப்பது, கொதிப்பைக் கெடுதல் செய்யாமல் தாண்டுவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவு முறியாமல் கேட்பதைக் கேட்பது. சாதாரணமாக ஒரு வருஷம் ஆகும்.

முழு டி.பி.டி. குழு நம் பக்கத்தில் லேசில் கிடைக்காது. ஆன்லைனில் தமிழிலோ மலையாளத்திலோ பேசுகிற ஆலோசகரைத் தேடலாம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, டி.பி.டி. பயிற்சி எடுத்தவரா, இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் நெருக்கடி வந்தால் என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். இதுவும் வாய்க்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் குண்டர்சன், சாதாரண மனநல மருத்துவரே செய்யக்கூடிய எளிய முறை ஒன்றை வகுத்தார். நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்காமல் விளக்குவது, வாரம் ஒரு தடவை பார்ப்பது, ஒவ்வொரு கொதிப்பையும் உறவில் நடந்த எதோடு சேர்ந்தது என்று பிடிப்பது, வேலைக்குப் போக வைப்பது. ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போகிறவர்களுக்கு இதுவே நன்றாகப் பலன் கொடுக்கிறது. பலன் கெடுவது எப்போதென்றால், முதல் கோபத்தில் “அந்த டாக்டர் கொள்ளாது” என்று மாற்றுவதிலும், அடுத்தவரிடமும் அதே கதை நடப்பதிலும்தான். மூன்று மாசம் மாற்றமாட்டோம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வெப்ராளம் (மனக்கொதிப்பு) ஏறும்போது

இது நோயாளிக்கு. வீட்டார் பக்கத்தில் இருந்து உதவலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

கொதிப்பின் உச்சியில் யோசனை வேலை செய்யாது. உடம்பைத்தான் முதலில் இறக்க வேண்டும். ஒரு பெரிய ஸ்டீல் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் போதாது, நம் ஊர் வெயிலுக்கு அது எப்போதும் இளஞ்சூடுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நெற்றியும் கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தை 15 முதல் 30 விநாடி அமிழ்த்துங்கள். நீரில் முங்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கிற அனிச்சைச் செயல் ஒன்று மனித உடம்பில் உண்டு. அது எழுந்ததும் படபடப்பு இறங்கும். முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை செய்யலாம். இதய நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பாட்டை ஒதுக்கி உடம்பு மெலிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

அது முடியாத இடத்தில் உடம்பு களைக்கும்படி ஏதாவது செய்யுங்கள். தம்மாம்காரர் மனைவி துவைக்கிற கல்லில் பெட்ஷீட் துவைப்பாள். நனைத்து, சோப்பு போட்டு, ஓங்கி ஓங்கி அடித்து, பிழிந்து கொடியில் போடுகிறபோது கை நடுக்கம் நின்றிருக்கும். “அழுக்கே இல்லாத துணி சிஸ்டரே, வாசலோட கொடி நிறைஞ்சாச்சு” என்று சிரித்தாள். கிணற்றடி வேண்டாம், குழாயடியில் செய்யட்டும் என்று மட்டும் நான் மாமியாரிடம் தனியாகச் சொன்னேன்.

உடம்பு இறங்கியதும் போனை என்ன செய்வது என்ற கேள்வி வரும். அனுப்ப நினைப்பதை எல்லாம், கெட்ட வார்த்தை உட்பட, போனில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதுங்கள். வாட்சப்பில் வேண்டாம், விரல் தவறிவிடும். தூங்கி எழுந்து படித்து, அதில் ஒரு வரி மிஞ்சினால் அதை அனுப்புங்கள். தம்மாம்காரர் மனைவிக்குப் பெரும்பாலும் மிஞ்சியது ‘நேற்று பயந்துபோய்ட்டேன், டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க’ என்பதுதான். புருஷனும் அதன்படி செய்கிறான்.

காயப்படுத்திக்கொள்ளும் வேகம் வந்தால், அது ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும் என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். 20 நிமிஷம் தள்ளிப்போடுங்கள். அதன் பிறகும் இருந்தால் இன்னொரு 20. அந்த நேரத்தில் தனியாக அறையில் இருக்க வேண்டாம், அடுக்களைக்கு வந்து யாரோடாவது உட்காருங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

பால்வெட்டுக்காரருக்கு வேறு பயிற்சி பிடித்தது. கோபம் ‘முன்னால் போ’ என்று தள்ளினால் பின்னால் நகர்வது, குரல் ஏறினால் வேண்டுமென்றே தணித்துப் பேசுவது. உணர்ச்சி சொல்வதற்கு நேர் எதிராக உடம்பை வைப்பது டி.பி.டி. பாடங்களில் ஒன்று. குடித்திருக்கிற நாளில் எந்தப் பயிற்சியும் நடக்காது என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

இவை எல்லாவற்றையும் அமைதியான நாளில் பழக வேண்டும். கொதிக்கிற நேரத்தில் புதிதாக எதுவும் தலையில் ஏறாது.

வீட்டார் எப்படிப் பேசுவது

நான் அதிகம் மெனக்கெடுவது இங்கேதான். ஒரு அம்மையும் மகளும் என் அடுக்களையில் உட்கார்ந்திருந்தபோது மகளின் சிநேகிதி ஏதோ கல்யாணத்துக்கு அழைக்கவில்லை என்ற பேச்சு வந்து, மகள் அழ ஆரம்பித்தாள். அம்மை சொன்னது: “இதுக்கெல்லாமா அழுவா? உனக்கு என்ன கொறச்சல்? நாங்க எல்லாம் எவ்வளவு பட்டிருக்கோம்.” ஒரு வார்த்தைகூடக் கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. மகளுக்குக் கேட்டது ‘உன் வலி பொய்’ என்பது. வலி பொய் இல்லை என்று நிரூபிக்க அவள் இன்னும் சத்தமாக அழ வேண்டியதாயிற்று.

அம்மையைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் வேறு மாதிரி சொல்லப் பழக்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, “மக்ளே, எல்லாரையும் விளிச்சிட்டு உன்னை மட்டும் விட்டிருக்கான்னா நெஞ்சு எரியத்தான் செய்யும்” என்றார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம். அடுத்து “ஆனாலும்...” என்று ஆரம்பிக்கத் துடித்தது உதட்டில் தெரிந்தது. நான் கட்டன் சாயா டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மகளே, “ஒருவேளை என் பழைய நம்பர்தான் அவகிட்ட இருக்கோ என்னவோ” என்றாள்.

உணர்ச்சியை ஒத்துக்கொள்வது வேறு, செய்கையை ஒத்துக்கொள்வது வேறு. “உனக்கு ஆத்திரம் வந்தது நியாயம்” என்று சொல்லலாம். “தட்டை எறிஞ்சது சரி” என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் எல்லைகளைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் கொதிப்பில் அல்ல, மறுநாள் சாப்பிட்டு முடித்த பிறகு. “நீ சத்தம் போட்டா நான் பத்து நிமிஷம் வெளிய போய் நிப்பேன், திரும்பி வருவேன்.” சொன்னபடி போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். “விட்டுட்டுப் போயிருவேன்” என்பதை மட்டும் விளையாட்டுக்கும் மிரட்டலுக்கும் எடுக்காதீர்கள். இந்த நோயின் நடு நரம்பு அது. சந்தைக்குப் போனாலும் எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், தாமதமானால் ஒரு போன்.

அவர்கள் வாங்கிவைத்த கடனை நீங்கள் அடைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சில் நில்லுங்கள். அம்மை ‘கூடாது’ என்றதை அப்பா ரகசியமாகக் கொடுத்தால் வீடே இரண்டாகும். நெருக்கடி வரும்போது மட்டும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு, நல்லபடியாக இருக்கும் நாட்களில் திரும்பிப் பார்க்காமல் இருக்கும் வழக்கத்தையும் மாற்றுங்கள். ஒன்றும் நடக்காத ஞாயிற்றுக்கிழமையில் மரச்சீனி அவித்து வைத்து அவளோடு உட்கார்ந்து சும்மா பேசுங்கள்.

‘ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிரும்’ என்பவர்களுக்கு: ஆகாது. கைவிடப்படும் பயம் உள்ள ஆளை, முகம் தெரியாத ஒருவரை நம்பி வாழும் ஏற்பாட்டுக்குள் தள்ளுவது சிகிச்சை அல்ல. சிகிச்சை எடுத்து ஒரு நிலைக்கு வந்த பிறகு, எதிர்த்தரப்புக்குச் சொல்லிவிட்டுச் செய்த கல்யாணங்கள் நன்றாக நடப்பதும் உண்டு.

சாவு பற்றிப் பேசினால்

“சும்மா மிரட்டுறா” என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் தற்கொலை ஆபத்து நிஜமானது, பல தடவை சொன்னவர் என்பதால் அது குறைந்துவிடுவதில்லை. நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், தோட்டத்து மருந்து, ரப்பர் ஷீட் அடிக்கிற புரையில் இருக்கும் ஆசிட் எல்லாவற்றையும் இன்றைக்கே பூட்டி, சாவியை வேறு வீட்டில் கொடுங்கள். நெருக்கடி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம், காசு இல்லை. தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். ஏதாவது செய்துவிட்டார்கள் என்றால் 108.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. 2017 மனநல மருத்துவச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏதாவது எழுதி வாங்கினால் எழுதிக் கொடுங்கள், முதலில் ஆளைக் கொண்டு சேருங்கள்.

எவ்வளவு நாள்

‘இது தீராத நோய்’ என்று சிலர் படித்துவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் மேரி ஸனரினி என்ற ஆய்வாளர் 290 நோயாளிகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்தார். பத்து வருஷத்துக்குள் 93 சதவீதம் பேர், குறைந்தது இரண்டு வருஷம் நோயின் அடையாளம் போதுமான அளவில் இல்லாத நிலைக்கு வந்தார்கள். அதே ஆய்வில், வேலையும் உறவும் சேர்ந்து நன்றாக அமைந்த முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான். காயப்படுத்திக்கொள்வது போன்றவை முதலில் ஓய்கின்றன. வெறுமையும் தனிமைப் பயமும் மெதுவாகவே போகின்றன.

அதனால்தான் வேலை விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பேன். ‘குணமான பிறகு போகட்டும்’ என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள். அரை நாள் வேலை, தையல், கடையில் கணக்கு எழுதுவது, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), எதுவானாலும் சரி. தினமும் ஒரே நேரத்துக்குப் போய் வருகிற இடமும், வீட்டு ஆட்கள் அல்லாத நாலு பேரும் வேண்டும். முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஆலோசகரைப் பார்க்கும் கிழமையில் மட்டும் சீக்கிரம் விடும்படி பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாசம் ஒரு சண்டையில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கலாம். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போடுங்கள். மறுநாள் நோட்டை எடுத்து எது தூண்டியது என்று இருவரும் எழுதிவிட்டு, அடுத்த வாரம் வேறு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.